நிலாவில் ஒரு புள்ளடி

கடைசிக் குழந்தையை அதன் தாய் இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாளோ இல்லையோ, நாகலெட்சுமி விளக்குமாறும் கையுமாக முற்றத்துக்கு வந்து அண்ணாந்துவிடுவாள். முதலில் தெற்கே நிற்கும் மலை தெரிகிறதா என்று பார்ப்பாள். மலை தெரிந்தால்தான் வானம். தெரியாவிட்டால், "இன்னைக்கும் போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்தாச்சா? நல்லாப் படு" என்று அதைத் திட்டிவிட்டு மிச்சத்தைக் கூட்டப் போவாள். வட்டவளையில் வருசத்தின் முக்கால்வாசி நாள் அவள் திட்டத்தான் செய்கிறாள். துணி காய்வதற்கே வானத்தைக் கெஞ்ச வேண்டிய ஊரில் நிலாப் பார்க்க ஆசைப்பட்டால் வேறென்ன செய்வது?

நாற்பத்து மூன்று வயது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயம்மா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டால், மாலை கொழுந்து நிறுத்து முடியும்வரை அவள் பொறுப்பு. பதினேழு பிள்ளைகள், ஆறு தொட்டில்கள். ஐந்தில்தான் பிள்ளைகள் தூங்கும். ஆறாவதில், பழைய துவாயில் சுற்றிய ஒரு தொலைநோக்கி கிடக்கும். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுவதால் அங்கே வைக்க முடியாது. "சத்தம் போடாதீங்க, அந்தப் பாப்பாவுக்கு ராத்திரி வேல. இப்பத்தான் தூங்குது" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். மூன்று வயதுப் பொடிசுகள் அதை நம்பி, போகிறபோக்கில் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும். ஒருமுறை தோட்டத்துத் துரை மடுவத்தைப் பார்வையிட வந்தபோது ஆறாவது தொட்டிலையும் எட்டிப் பார்த்தார். துவாயை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார். என்னவென்று கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

அதை வாங்கித் தந்தது அவள் புருசன் அழகன். கொழும்பில் ஒரு சாராயக் கடையில் இருபது வருசத்துக்கு மேலாக வேலை. ஏழு வருசத்துக்கு முன்னால் புறக்கோட்டை நடைபாதையில் பழைய சாமான் விற்கிறவனிடம் கால் உடைந்த நிலையில் அதைக் கண்டு, தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "நீதான் எந்நேரமும் மேல பாத்துக்கிட்டே நடக்குறியே. கல்லுத் தடுக்கி விழுகுறதுக்கு, ஒக்காந்து இதுல பாரு" என்று நீட்டினான். கொடுத்த விதம் அப்படி. அவளோ அன்றைக்கு அழுதுவிட்டாள். தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருவான், ரைஸ் குக்கர் வாங்கித் தந்திருக்கிறான். அதெல்லாம் எந்தப் பெண்சாதிக்கும் வாங்கக்கூடியது. இது அவளைக் கவனித்து வாங்கியது.

உடைந்த காலுக்கு அவளே வைத்தியம் பார்த்தாள். தொழிற்சாலையில் கழித்துப்போடும் தேயிலைத் தூசைத் தலையணை உறையில் அடைத்துத் தைத்தாள். ஸ்டூலின் மேல் தலையணை, தலையணைக் குழிவில் குழாய். எந்தப் பக்கம் அமுக்கினால் எந்தப் பக்கம் சாயும் என்பது பிள்ளை தூங்கவைத்துப் பழகிய கைக்குத் தெரியாதா? படமெடுக்கத் தன் போனையே வைத்துக்கொள்கிறாள். பால்மா டின்னின் மூடியில் ஓட்டை போட்டு, ரப்பர் பட்டியால் இறுக்கி, குழாயின் கண்ணாடிக்கு நேராகப் போனை நிறுத்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் படம் கறுப்புத்தான். "சட பின்னுற மாதிரி. அவசரப்பட்டா கோணிக்கும்" என்பாள். பொறுமையாகச் செய்தால் இரண்டு மூன்று நிமிடமாகும்.

படங்கள் நன்றாகவே இருக்கும், சும்மா சொல்லக்கூடாது. நிலாவில் உள்ளவற்றுக்கெல்லாம் அவளிடம் பெயரும் உண்டு. ஓரத்தில் தனியாக நிற்கும் கறுப்பு வட்டம் 'திருஷ்டிப் பொட்டு'. தெற்கே, சுற்றிலும் வெள்ளைக் கோடுகள் விரியும் பள்ளம் 'தொப்புள்'. நடுவில் கொஞ்சம் தள்ளி இருப்பது 'ஊசித் தழும்பு'. எல்லாம் மடுவத்துப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து எடுத்தவை. விஞ்ஞானிகள் வைத்த பெயர்கள் இருக்கின்றனவே என்றால் அதற்கும் பதில் வைத்திருக்கிறாள். "அவங்க வச்சது பள்ளிக்கூடத்துப் பேரு. நாம வச்சது வீட்டுப் பேரு. ரெண்டும் இருக்கட்டுமே."

பாவம், இவ்வளவும் தெரிந்தவளின் புருசனுக்கு நிலாவில் ஒன்றும் தெரியாது. அதற்குக் குற்றவாளி போயா. சாராயக் கடைக்கு மாதாமாதம் சட்டப்படி பூட்டு விழுவது பௌத்தர்களின் விடுமுறையான பௌர்ணமிப் போயா அன்றுதான். ஆகவே அவன் வீட்டுக்கு வருவதும் அன்றுதான். முதல் நாள் கடையைச் சாத்திவிட்டு இரவு பஸ் ஏறி, விடியலில் வந்து இறங்கி, தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவான். தொலைநோக்கிக்காரர்களுக்கோ பௌர்ணமியைப் போல ஆகாத நாள் வேறில்லை. வெயில் நேராக விழும், நிழல் இருக்காது. நிழல் இல்லாமல் மலை ஏது, பள்ளம் ஏது? "பால்மாவக் கொட்டிப் பரப்புன மாதிரி இருக்கும்" என்பது அவள் தீர்ப்பு. போயா லீவுக்கு மடுவத்து முற்றத்தில் நிலாப் பார்க்க வந்து நிற்கும் பெண்களிடம், "அடுத்த மாசம் அர நெலாவுக்கு வாங்கடி, அசந்துபோவீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒருத்தியும் வந்ததில்லை. நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து எடுத்தவளுக்கு அந்தியில் நிலாவா தேடும்?

அழகனுக்கு ஒரே ஒருமுறை, விடியலில் மேற்கே இறங்கும் முழு நிலாவை இழுத்துவந்து காட்டினாள். பஸ் தூக்கம் கலையாமல் குனிந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு புள்ள. பிளேன்டீ ஊத்துனியா?" என்றான். அவ்வளவுதான்.

அது அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருசம். அவன் கூட இருந்ததெல்லாம் முழு நிலா நாட்களில். வளர்வதையும் தேய்வதையும் அவள் தனியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே மகளும் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அரை நிலாவைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினால், போனில் ஒரு கட்டைவிரல் வரும். "போட்டோவுல என்னா வேணும்னாலும் செய்யலாம் புள்ள. கடைக்கு வர்ற பயலுக சிங்கத்துமேல ஒக்காந்திருக்குற மாதிரி போட்டோ வச்சிருக்கானுக" என்பான். சொந்தக் கண்ணால் பார்த்தாலொழிய நம்பாத மனுசன்.

இந்த நிலைமையில்தான் அவள் புள்ளடியைக் கண்டாள்.

மூன்று வருசத்துக்கு முன்னால், மாசி மாதத்து மாலை. அரை நிலா. வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டின்மேல் கண்ணை மெல்ல நடத்திக்கொண்டு போனவள், இருட்டுப் பக்கத்தில் ஒரு குறியைக் கண்டாள். வோட்டுச் சீட்டில் இரண்டு கோட்டைக் குறுக்கே கீறிப் போடுகிறோமே, அதே புள்ளடி. வெள்ளையாக, சுத்தமாக, பேனையால் கீறி வைத்தது போல. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். புள்ளடிதான். போனில் சார்ஜ் இல்லை. ஓடிப்போய்ப் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ராக்காயி சும்மா விடுவாளா? அவள் வாய்க்குத் தாழ்ப்பாளே கிடையாது. மறுநாள் கொழுந்து மலை முழுக்கச் செய்தி பரவிற்று. "நம்ம லெட்சுமி நெலாவுல வோட்டப் பாத்தாளாம்! எந்தக் கட்சிக்குன்னு கேளுங்கடி!" அன்றிலிருந்து அவள் பெயர் புள்ளடி லெட்சுமி. "ஏன்டி, கீழ ஒன் வீட்டுக் கூர ஒழுகுது, நீ மேல ஓட்ட எண்ணிக்கிட்டு இருக்க?" என்பாள் ராக்காயி. "நாலாம் பெறையப் பாத்தா நாய் படாத பாடு, தெரியுமா?" என்றும் பயமுறுத்துவாள். "நான் பாக்காமயே பட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்று லெட்சுமியும் விடமாட்டாள். "எங்க தாத்தாவ இந்தியாக்காரன்னு சொல்லி, இந்த நாட்டுல வோட்டே இல்லேன்னுட்டாங்க. செத்துப் போயி அங்கன ஒண்ணப் போட்டுட்டாருன்னு வச்சுக்கயேன்" என்று ஒருநாள் அவள் சொன்னபோது ராக்காயிக்கே சிரிப்பு பாதியில் நின்றது.

ஊர் சிரித்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். அழகன் சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. "நெலாவுல எவன் புள்ள போயி புள்ளடி போட்டான்? மூட்டத்துல கண்ணு ஏமாத்தியிருக்கும்" என்று போனில் சிரித்தான். வாங்கிக் கொடுத்தவனே நம்பவில்லையென்றால் யாரிடம் போய் அழுவது?

நம்பியவர் ஒருவர் உண்டு. வட்டவளைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மயூரதன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். பஸ் தரிப்பிடத்தில் ராக்காயி அவரிடமே இந்தக் கதையைக் கிண்டலாகச் சொல்லிவைக்க, அவர் சிரிக்கவில்லை. "அக்கா கண்டது சரிதான். மூண்டு பள்ளத்தின்ர விளிம்பு சந்திக்கிற இடம் அது. பள்ளத்துக்குள்ள இருட்டா இருக்கேக்கையே மேட்டில வெயில் பட்டுடும். அரை நிலாவண்டைக்கு ஒரு நாலு மணித்தியாலம்தான் அப்பிடித் தெரியும், பிறகு கரைஞ்சு போயிடும். அதுவும் எங்கட பின்னேரத்தில விழுறது வருசத்துக்கு ரெண்டு மூண்டு தரம்தான்" என்றார். அதோடு நிற்காமல், கணக்குப் பார்த்து அந்த நாட்களை அவளுடைய கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமும் போட்டுக் கொடுத்தார். வருசா வருசம் கொடுக்கிறார்.

மூன்று வருசத்தில் ஏழு சிவப்பு வட்டங்கள். ஆறை மழையும் மூட்டமும் தின்றுவிட்டன. மிச்சமிருந்த ஒரு மாலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அன்று பார்த்து மடுவத்துப் பிள்ளையொன்றுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. அதை மடியில் போட்டுக்கொண்டு கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். போகிற வழியெல்லாம் அரை நிலா லொறிக்கு மேலேயே வந்துகொண்டிருந்தது. "புள்ள பொழச்சுருச்சு, அது போதும்" என்று பிறகு சொன்னாள். வாய் சொன்னது.

இந்த வருசத்தின் கடைசி வட்டம் அக்டோபர் மூன்றாம் தேதியில் விழுந்தது. கலண்டரில் அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தவள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் வாசித்தாள். உலக மது ஒழிப்பு தினம். நாடு முழுக்கச் சாராயக் கடைகளுக்குப் பூட்டு. போயாவும் இல்லை, அரை நிலாவும் இருக்கிறது, அழகனுக்கும் லீவு!

அன்றிரவே போன் போட்டாள். வழக்கமாக அந்த நாளில் முதலாளி கடைக்கு வெள்ளையடிக்க வைப்பார். இந்தத் தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று அவன் இழுத்தான். பிறகு நினைவு வந்தவனாக, "ஆமா, அன்னைக்கு என்னா திதி?" என்றான்.

அவளுக்குத் தெரியும். அரை நிலா என்றாலே அட்டமிதான், எந்த மாதமானாலும். வெட்கமாகச் சொன்னாள்: "அட்டமிங்க."

"நான் அட்டமியில பயணம் கெளம்பமாட்டேன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியாமலென்ன? பத்தொன்பது வயதில் அவன் வேலை தேடி முதன்முதலாகக் கொழும்புக்குப் போன நாள் ஒரு அட்டமி. பஸ் நிலையத்தில் பையோடு அடையாள அட்டையையும் எவனோ அடித்துக்கொண்டு போனான். குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அட்டை இல்லாத தமிழ்ப் பையனை இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டார்கள். அட்டமி நவமியில் தொட்டது துலங்காது என்பதை அன்றைக்குப் பிடித்தவன்தான், இன்னும் விடவில்லை. ஊரில் சாவென்றாலும் திதி பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான்.

"இங்க பாருங்க" என்றாள் லெட்சுமி. "எனக்குச் சேல வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு அர நெலாவ ஒங்ககூட நின்னு பாக்கணும். புள்ளடி தெரிஞ்சாத் தெரியட்டும், தெரியாட்டிப் போகட்டும். ஒரு தடவ வாங்க."

"பாப்போம்" என்றான். அழகன் பாப்போம் என்றால் வரமாட்டான் என்று அர்த்தம்.

மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "கெளம்பிட்டேன் புள்ள. பஸ்ஸுல இருக்கேன்." அவள் சீனியை இரண்டு தடவை போட்டுவிட்டாள். பிள்ளைகள் இன்னும் வேண்டுமென்றன.

மத்தியானம் மழை பிடித்தது. அடித்து ஊற்றிற்று. மூன்று மணிக்கு மறுபடியும் போன். "கினிகத்தேனைக்குக் கிட்ட மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சு. பஸ்ஸு நகரல. நான் சொன்னேன்ல, அட்டமி அட்டமின்னு!" "பாத்து இருங்க" என்று மட்டும் சொன்னாள். ஐந்து மணிக்கு மழை விட்டது. ஐந்தரைக்கு, "பாத தொறந்துட்டாங்க. பஸ்ஸுக்குக் காத்திருந்தா விடிஞ்சுரும். ஒரு மரக்கறி லொறியில ஏறிட்டேன்" என்றான். பேரப்பிள்ளையைக் கூப்பிட வந்த ராக்காயி, முற்றத்தில் ஸ்டூலும் தலையணையும் கிடப்பதைப் பார்த்து, "வோட்டு எண்ண ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். லெட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அபூர்வமாக, மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

இருட்டியது. மூட்டம் மடுவத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றது. மாஸ்டரின் கணக்குப்படி ஆறரையிலிருந்து எட்டுவரை. ஆறே முக்கால் போயிற்று. ஏழும் போயிற்று. நிலா இருக்கும் இடத்தில் ஒரு மங்கல் வருவதும் போவதுமாக இருந்தது. அவள் குளிரில் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழாயை அந்த மங்கலுக்கு நேரே திருப்பித் திருப்பி வைத்தாள்.

ஏழேகாலுக்கு மூட்டம் பிளந்தது.

கண்ணை வைத்தாள். அரை நிலா, ஈரம் சொட்டுகிற மாதிரி அவ்வளவு துல்லியம். கோட்டைத் தேடினாள். இருட்டுப் பக்கத்தில் வெள்ளையாகப் புள்ளடி. மூன்று வருசம் கழித்து, அப்படியே, அதே இடத்தில்! கை தன்னால் போனையும் பால்மா மூடியையும் எடுத்தது. நிமிர்ந்து பார்த்தால், பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த மூட்டம் மேலேறி வந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. ரப்பர் பட்டியை இழுத்து மாட்டத் தொடங்கினாள்.

கீழே படியில் செருப்புச் சத்தம். இருமல். "லெட்சுமி, லைட்டப் போடு. படி வழுக்குது."

போனைப் பொருத்தினால் படம் கிடைக்கும். சிரித்தவர்கள் அத்தனை பேர் வாயையும் அடைக்கலாம். பொருத்தி, எடுத்து, கழற்றி முடிக்கும்போது அவனுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கழுத்தைத் திருப்பி மூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். பாதி மாட்டிய பட்டியைப் பிடுங்கி, போனையும் மூடியையும் ஈரத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

"என்னங்க, பையப் போட்டுட்டு ஓடியாங்க! ஓடியாங்கங்கிறேன்!"

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, தோளில் மரக்கறி லொறியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கோவா இலைத் துண்டு. மூச்சிரைக்கக் குனிந்தான்.

"ஒண்ணும் தெரியலையே புள்ள. ஒரே இருட்டா இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல், மனுசன் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். சிரிக்க நேரமில்லை. பின்னால் நின்றபடியே கையைச் சுற்றிக் கொண்டுபோய், உள்ளங்கையால் அவனுடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

"இப்பத் தொறங்க. வெளிச்சமும் இருட்டும் சேருற எடத்துல பாருங்க. இருட்டுப் பக்கம்."

அவன் பார்த்தான். இரைத்துக்கொண்டிருந்த மூச்சு மெல்ல அடங்கிற்று. அவள் உள்ளங்கைக்குள் அவன் இமை ஒருமுறை அடித்துக்கொண்டது.

"அடியே..." என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆமா புள்ள. போட்டுருக்கு" என்றான்.

மூட்டம் மடுவத்துக் கூரையைத் தாண்டி வந்தது. நிலா மங்கிற்று, கலங்கிற்று, முழுசாக மறைந்தது.

"போயிருச்சு" என்றான் அழகன்.

"தெரியும். இருங்க" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.